தூரம் இல்லை

சீடனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குரு சீடனை 'சார்' என்று கூப்பிட்டாள். சீடன் குருவை 'மேடம்' என்றான். அவர்களுக்கு இதில் கூச்சம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

சீடன் வைத்தீஸ்வரன் பெரிய கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிச் சலித்தவன். இனிமேல் நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது செய்வோம் என்று பல்கலைக்கழகத்துக்கு வந்து, தமயந்தியிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தான். கிராமத்துக் கர்ப்பிணிகளுக்காக ஒரு செயலி செய்தான். கரிசல் காட்டு ஊரான ஆவாரங்குளத்துக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

செயலி எழுத்திலும் குரலிலும் கேள்வி கேட்கும். பெண்கள் பொத்தானை அமுக்குவார்கள். பதில்களெல்லாம் சேர்ந்து ஒரு வரைபடம் ஆகும். ஆபத்து இருக்கிற இடம் சிவப்பு, இல்லாத இடம் பச்சை.

ஆவாரங்குளம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு மாவட்டச் சுகாதாரக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. அந்த வட்டாரத்துக்கென்று மெயின் ரோட்டில் நின்றுகொண்டிருந்த ஆம்புலன்ஸ் இனி அங்கே தேவையில்லை, வேறு பக்கம் அனுப்பிவிடலாம். வியாழக்கிழமை கூட்டத்தில் கையெழுத்து.

ஆவாரங்குளத்தில் மாரிக்கனி என்றொரு பெண். அவளுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. ஐப்பசியில் பிள்ளை. ஐப்பசி, ஓடையில் தண்ணீர் வருகிற மாதம். போன பிரசவமும் ஐப்பசியில்தான். வலி எடுத்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிராக்டர் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நின்றது. நடுவில் தண்ணீர் ஓடியது. குழந்தை பிறந்தது. அழவில்லை.

அந்த மாரிக்கனி அமுக்கிய பதிலும் பச்சைதான்.

"மக்களை இதுல எப்படித்தான் ஈடுபடுத்துறது, மேடம்?" என்று சீடன் கேட்டான். கூட்டம் போட்டதையும், டீயும் வடையும் கொடுத்ததையும், எல்லாரும் தலையாட்டியதையும் சொன்னான். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஓடைக்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவளே 'தூரம் இல்லை' என்று அமுக்கியிருக்கிறாள். "படிப்பு இல்லாத இடத்துல நாம என்னதான்..."

மீதியை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே நன்றாகக் கேட்டது.

"கேள்வியைப் படிங்க" என்றாள் குரு.

அவன் போனை எடுத்துப் படித்தான். "உங்கள் தூரம் எவ்வளவு?" கீழே மூன்று பொத்தான்கள்: அதிகம், குறைவு, தூரம் இல்லை. 'மருத்துவமனைக்கு' என்ற வார்த்தை ஒரு வரிக்குள் அடங்கவில்லை, அதனால் அதை எடுத்துவிட்டு ஒரு படம் போட்டிருந்தான். வரைபடங்களில் இடத்தைக் குறிக்கப் போடுவார்களே, கீழே கூர்மையாக, மேலே உருண்டையாக, சிவப்பாக, அந்தக் குறி.

"நீங்க எழுதினப்போ நானும் படிச்சேன். சரின்னுதான் சொன்னேன்" என்றாள் குரு. "இப்பவும் தப்பு எங்கேன்னு எனக்குத் தெரியலை. வாங்க போவோம். போன் வேண்டாம். இதே கேள்வியை உங்க வாயால கேளுங்க."

பங்குனி வெயில். ஊருக்கு வெளியே களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சீடன் கிட்டே போவதற்குள் தும்ம ஆரம்பித்தான். தும்மி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. சாருக்கு எங்க ஊர் வாசம் ஒத்துக்கல என்று யாரோ சொன்னார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்தவள் பூரணம். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவள். களத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். சீடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். நல்ல மனிதன், கை கூப்பித்தான் கேட்டான்.

"அம்மா, உங்களுக்குத் தூரம் எவ்வளவு?"

பூரணத்தின் கை நின்றது. பின்னால் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எனக்கா சார்?" என்றாள் பூரணம். "என் வீட்டுக்காரரே இத்தன வருசத்துல இதைக் கேட்டதில்லையே."

களம் சிரித்தது. சீடன் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

"அதிகம்னு சொல்லவா, குறைவுன்னு சொல்லவா? நீங்களே ஒண்ணைச் சொல்லுங்க சார், அமுக்கிருதேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாரிக்கனிதான் பாவம் பார்த்தாள். அவள் சொல்லித்தான் சீடனுக்குப் புரிந்தது. அந்த ஊரில் 'தூரம்' என்றால் மாதவிலக்கு. வீட்டுக்குத் தூரம், தூரமாகிவிட்டாள், தூரத்துத் துணி. பெண்களிடம் வந்து உங்கள் தூரம் என்று கேட்டால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

"வயித்துல புள்ள இருக்கையில தூரம் எப்படி சார் வரும்?" என்றாள் மாரிக்கனி. "தூரம் இல்லைன்னுதான அமுக்கணும்? நான் சரியாத்தான அமுக்கினேன்?"

"சரியாத்தாம்மா அமுக்கினீங்க" என்றான் சீடன்.

"படம் வேற போட்டிருந்தீங்க" என்று இன்னொருத்தி எடுத்துக்கொடுத்தாள். "செவப்பா ஒரு சொட்டு. தலைகீழா இருந்துச்சு. அவசரத்துல வச்சிட்டீங்கன்னு நெனச்சோம்."

பூரணம் டீக்கடைக் கதையைச் சொன்னாள். வீட்டில் போன் ஒன்றுதான். பிரசவத்துக்கு வந்த மகளுக்காகச் செயலியை அதில்தான் ஏற்றியிருந்தார்கள். அது அவள் கணவன் சட்டைப்பையில் இருக்கும். ஒருநாள் டீக்கடையில் நாலு ஆண்களுக்கு நடுவில், அவர் பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் 'உங்கள் தூரம் எவ்வளவு' என்று கேட்டிருக்கிறது. மனுசன் டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் இன்னமும் அவரிடம் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, ஆவாரங்குளத்தில் ஒரு பெண்கூடத் தப்பாகப் பதில் சொல்லவில்லை. கேட்டது காதில் எப்படி விழுந்ததோ அதற்கு எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். அத்தனை உண்மையையும் கூட்டி ஒரு பொய்யாக்கி வைத்திருந்தது வரைபடம். அந்தப் பொய்க்குத்தான் வியாழக்கிழமை கையெழுத்து. இதில் படிப்பு இல்லாதவர்கள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சீடன் அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். "ஒரே ஒரு வார்த்தை மேடம். 'மருத்துவமனைக்கு'ன்னு சேர்த்துட்டா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலை."

"அஞ்சு நிமிஷத்துல இன்னொரு தப்பும் பண்ணிடலாம்" என்றாள் குரு.

அவள் மடிக்கணினியை அவன் மடியிலிருந்து எடுத்தாள். பூரணத்தின் மடியில் வைத்தாள். பூரணம் அவசரமாகக் கையைச் சேலையில் துடைத்தாள். அப்படியும் எழுத்துப் பொத்தான்களில் மிளகாய்த் தூள் படிந்தது.

"இதை வச்சு நான் என்ன செய்ய?"

"என்ன கேக்கணும்னு நீங்க சொல்லுங்க. அவரு எழுதுவாரு. பிடிக்கலைன்னா அழிக்கச் சொல்லுங்க. அழிப்பாரு."

சீடன் எதிரில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் சரியாக இருக்குமா என்று ஆரம்பித்தான். அது வேண்டாம் என்றார்கள். அதற்கப்புறம் நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது, சண்டை என்றுதான் சொல்லவேண்டும். கோடையில் ஆஸ்பத்திரி பக்கம், பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம் என்றாள் ஒருத்தி. உனக்குக் கோடையில் பிறந்தது, நீ பேசுவாய் என்றாள் இன்னொருத்தி. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் ஆஸ்பத்திரி என்ற ஒன்றே கிடையாது, அப்புறம் அது பக்கத்தில் இருந்தால் என்ன, பட்டணத்தில் இருந்தால் என்ன என்றாள் மாரிக்கனி. அவள் அதைச் சொன்னபோது சண்டை நின்றது.

கேள்வி அவளிடமிருந்துதான் வந்தது. 'ஓடையில தண்ணி வந்தா எப்படிப் போவீங்க?' பதில்களை மற்றவர்கள் சொன்னார்கள். சுத்திப் போவோம். தூக்கிட்டுப் போவாங்க. போக முடியாது.

குரலையும் மாற்றினார்கள். பழைய குரல் யாரோ டவுன்காரி கடன் கேட்கிற மாதிரி இருக்கிறதாம். மாரிக்கனியே பேசினாள், சீடன் பதிவு செய்தான். போன் ஆண்களின் சட்டைப்பையில் இருந்தால் எந்தக் கேள்வியும் உருப்படாது என்றாள் பூரணம். களத்துக் கொட்டகையில் பொதுவாக ஒரு போன் இருக்கட்டும், பெண்கள் அங்கே வந்து பதில் சொல்லிக்கொள்வோம். அது எல்லாருக்கும் பிடித்தது.

சீடன் நிம்மதியாக மூச்சுவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, பழைய கேள்வியை அழிக்கப் போனான்.

"அது கிடக்கட்டும் சார்" என்றாள் பூரணம்.

"அது தப்பான கேள்விம்மா."

"தப்பாக் கேட்டாலும் கேட்டுட்டீங்கல்ல. எங்ககிட்ட இதுக்கு முன்னாடி அதை யாரு கேட்டா?"

சீடன் கையை எடுத்தான்.

"எனக்குத் தூரம் அதிகம்" என்றாள் பூரணம். வத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நிக்கவே மாட்டேங்கு. நாலு படி ஏறுனா மூச்சு முட்டுது. மொதல்ல கேலிக்குச் சொன்னேன். இப்ப கேலிக்குச் சொல்லல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் என்றாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டவள்.

சீடன் குருவிடம் தாழ்ந்த குரலில் சொன்னான், இது கர்ப்பிணிகளுக்கான செயலி, திட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்று.

"திட்டம் யாருதுன்னு அவங்களையே கேளுங்க சார்" என்றாள் குரு. அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இருந்தது. அந்தச் சிவப்புச் சொட்டை மட்டும் நேராக வைக்கச் சொன்னார்கள். வைத்தான்.

வியாழக்கிழமை பூரணமும் மாரிக்கனியும் இன்னும் சில பெண்களும் பஸ் ஏறி வந்தார்கள். குழு உட்காரும் அறையில் குளிர் அதிகமாக இருந்தது. பெண்கள் சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்கள் விரல்களில் மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகவில்லை.

குழுத் தலைவர் பொறுமையான மனிதர். வரைபடம் பச்சையாக இருப்பதைப் பொறுமையாக விளக்கினார். சீடன் எழுந்து நின்றான். பச்சை தன்னுடைய தப்பு என்றான். என்ன தப்பு என்று கேட்டார்கள். அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் அவன் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னான். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஆவாரங்குளத்துப் பெண்கள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரியான தூரத்தைக் கிலோமீட்டரில் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார் தலைவர்.

பூரணம் எழுந்து போய்க் களத்துப் போனை அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே பதில் சொல்லிப் பாருங்க சார்."

போனிலிருந்து மாரிக்கனியின் குரல் கேட்டது. ஓடையில தண்ணி வந்தா எப்படிப் போவீங்க?

தலைவர் மூன்று பொத்தான்களையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதுல கிலோமீட்டரே இல்லையே?"

"ஓடைக்கு ஏது சார் கிலோமீட்டரு?" என்றாள் மாரிக்கனி.

போனில் கேட்ட குரல் எதிரிலிருந்து வந்ததும் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். போன ஐப்பசியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்கு ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு 'போக முடியாது' என்பதை அமுக்கினார்.

சீடன் புதிய வரைபடத்தைச் சுவரில் காட்டினான். ஓடைக்குக் கிழக்கே இருந்த ஊர் முழுக்கச் சிவப்பாக இருந்தது, மிளகாய் காயப்போட்ட மாதிரி.

ஆம்புலன்ஸை எடுக்கவேண்டாம், மெயின் ரோட்டில் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று தலைவர் சொன்னார். சீடன் கை கூப்பி எழுந்தான். ஜெயித்துவிட்டோம் என்று குருவைப் பார்த்தான். குரு எழுந்திருக்கவில்லை. பெண்களும் எழுந்திருக்கவில்லை.

"அங்க நின்னா போன ஐப்பசிதான் சார் திரும்பவும்" என்றாள் மாரிக்கனி. "வண்டி எங்க பக்கம் நிக்கணும்."

ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்கும்போது வண்டி இந்தப் பக்கம் நின்று என்ன பிரயோஜனம் என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவள் எழுந்து வரைபடத்துக்குப் போனாள். ஓடையைத் தொடவில்லை. ஊரிலிருந்து நேர் எதிர்ப்பக்கம், கிழக்கே, விரலை நகர்த்திக்கொண்டே போனாள். கடற்கரைச் சாலை. அதில் தெற்கே திரும்பினால் இன்னொரு டவுன், இன்னொரு ஆஸ்பத்திரி. நடுவில் ஓடை கிடையாது.

"ரொம்பச் சுத்தும்மா" என்றார் தலைவர்.

"தூரம் ஜாஸ்திதான் சார்" என்றாள் மாரிக்கனி. "ஆனா போய்ச் சேந்துருவோம்."

'தூரம்' என்று அவள் சொன்னதும் பின்னால் பெண்கள் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. தலைவருக்கும் இப்போது அது புரிந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வண்டி நிற்கக் கூரை வேண்டுமே, ஓட்டுநருக்கு இடம் வேண்டுமே, சாப்பாடு வேண்டுமே என்று அடுக்கினார். களத்தில் கொட்டகை இருக்கிறது, சோறு நாங்கள் போடுகிறோம் என்றாள் பூரணம். எங்கள் ஊர்க் குழம்பை ஒருநாள் சாப்பிட்டால் அவர் மாற்றல் கேட்கவே மாட்டார் என்றும் சொன்னாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வேற ஏதும் காரணம் இருந்தா சொல்லுங்க சார். கடைசி பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு."

வேறு காரணம் இல்லை. கையெழுத்து ஆயிற்று.

வண்டி வந்தது. அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்தது. தப்பாகப் பிறந்த அந்தக் கேள்விக்கு ஊரில் பாதிப் பெண்கள் 'அதிகம்' என்று அமுக்கியிருந்தார்கள். அதைக் காட்டி ஒரு டாக்டரம்மாவைக் களத்துக்கே வரவழைத்தார்கள். ரத்தம் சோதித்தார்கள். பூரணத்துக்கு உடம்பில் பாதி ரத்தம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டா இத்தனை பேச்சு என்று டாக்டரம்மா ஆச்சரியப்பட்டாராம். மருந்து, ஊசி, ஒரு சின்ன ஆபரேஷன். புரட்டாசியில் பூரணம் கோயில் படியை நிற்காமல் ஏறி, மேலே நின்று கீழே இருந்தவர்களைக் கேலி செய்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடை நிறைந்து ஓடிய ஒரு காலையில் மாரிக்கனிக்கு வலி எடுத்தது. கொட்டகையிலிருந்து வண்டி அவள் வாசலுக்கு வந்தது. பூரணமும் ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் பழக்கத்தில் மேற்கே திருப்பப் பார்த்தார். கிழக்கே போங்கள் என்று உள்ளேயிருந்து மாரிக்கனியே சத்தம் போட்டாள், அந்த வலியிலும்.

செய்தி கேட்டுக் குருவும் சீடனும் மதியம் கடற்கரைச் சாலை வழியாகவே ஊருக்கு வந்தார்கள். பெண்கள் கொட்டகையில் கூடியிருந்தார்கள். எல்லாரும் களத்துப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. தூரத்தில் ஓடையின் சத்தம் கேட்டது. போன தடவை கேட்ட அதே சத்தம்.

போன் அடித்தது. முந்தானைக்காரி எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். பூரணம் பேசவில்லை. போனை எங்கேயோ கிட்டத்தில் கொண்டுபோய்ப் பிடித்திருக்கிறாள். ஒரு குழந்தை அழுதது. கோபமாக, மூச்சைப் பிடித்துப் பிடித்து, விடாமல் அழுதது.

"பொட்டப்புள்ள" என்றாள் பூரணம் அதற்கு மேலே. "கேக்குதா? அப்ப இருந்து நிறுத்தவே இல்ல. ஆத்தாளை மாதிரியே வாயி."

கொட்டகையில் ஒருத்தி குலவை போட்டாள். அடுத்தவள் எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து போட்ட குலவையில் மழைச் சத்தமும் கேட்கவில்லை, ஓடையும் கேட்கவில்லை. டீக்கடையிலிருந்து ஆண்கள் நனைந்துகொண்டே ஓடிவந்தார்கள். பூரணத்தின் கணவர்தான் முதலில் வந்தார்.

சாயங்காலம் மழை விட்டது. சீடன் கொட்டகைத் தூணில் சாய்ந்து, மடிக்கணினியைத் துணியால் துடைத்தான். எழுத்துப் பொத்தான்களின் இடுக்கில் மிளகாய்ச் சிவப்பு அப்படியே இருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் குரு பார்த்ததில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்று சொன்னான். மலையடிவாரத்தில் ஒரு ஊர் உடனே வரச்சொல்லியிருக்கிறது. அங்கே இனிமேல் யாரும் கஷ்டப்படவேண்டாம், கூட்டம் வேண்டாம், சண்டை வேண்டாம். எல்லாம் தயாராக இருக்கிறது.

"இந்தச் செயலியை நாளைக்கே அங்க கொண்டு போகலாமா, மேடம்?"

"தாராளமாக் கொண்டு போங்க சார்" என்றாள் குரு. "கேள்விகளை மட்டும் அழிச்சிட்டுக் கொண்டு போங்க."